ஐஸ் வந்த வழியே ஒரு நடை: நேப்பியர் பாலத்தில் தொடங்கி திருவல்லிக்கேணி குல்பியில் முடிவது

ஜனவரி 27, 2025, திங்கள் (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு நானும் அம்மாவும் வரலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, மூட்டுவலி கொஞ்சம் உண்டு. நேப்பியர் பாலம், கலங்கரை விளக்கம், ஐஸ் ஹவுஸ், அப்புறம் திருவல்லிக்கேணி என்று அறிவிப்பில் போட்டிருக்கிறீர்கள். மொத்தம் எவ்வளவு தூரம்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முடிவில் குல்பி என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. மெரினாவில் இறங்கினால் பத்தடிக்கு ஒரு ஐஸ் வண்டி நிற்கிறது. ஒரு குல்பிக்காக இவ்வளவு தூரம் நடக்கணுமா?

ஜனவரி 27, இரவு 9.50 (என் பதில்)

தூரம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் மூன்று சொச்சம். அங்கிருந்து வந்த வழியே ஒரு கிலோமீட்டர் திரும்பினால் ஐஸ் ஹவுஸ். பிறகு உள்ளே பார்த்தசாரதி கோயில் பக்கம். அம்மா கலங்கரை விளக்கத்தில் சேர்ந்துகொண்டால் இரண்டு கிலோமீட்டர்தான். நடுவில் உட்கார இடம் நிறைய.

குல்பிக் கேள்விக்கு வருகிறேன். இந்த நடையே ஐஸைப் பற்றியதுதான். விவேகானந்தர் இல்லம் என்று இப்போது பெயர்ப்பலகை இருந்தாலும் பஸ் ஸ்டாப்புக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதானே பேர். அந்தப் பேர் ஏன் வந்தது என்று கேட்டால் திருவல்லிக்கேணியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட முழிக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த தண்ணீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதித்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் தொழில் அது. முதல் சரக்கு 1833ல் கல்கத்தாவுக்குப் போனது. கிளம்பும்போது 180 டன், நாலு மாதம் கடலில் கிடந்து போய்ச் சேரும்போது 100 டன் மிச்சம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து வந்த ஐஸ்! நம் ஊரில் கிடங்கு கட்டியது 1842ல். கல்கத்தா, பம்பாய் கிடங்குகள் போய்விட்டன. நம்முடையது மட்டும் நிற்கிறது.

அந்தக் கட்டடத்தின் எதிரே நின்றுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் பானையிலிருந்து எடுத்த குல்பியைக் கையில் வாங்கும்போது நாக்குக்கு வேறு மாதிரி தெரியும். நான் இதுவரை ஆறு முறை கூட்டிப்போயிருக்கிறேன், ஒருமுறைகூட அலுக்கவில்லை.

ஜனவரி 28, காலை 7.15

நேற்று ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854ல் வெளியிட்ட 'வால்டன்' புத்தகத்தில் மதராஸ் பேர் இருக்கிறது. அவர் கரையில் குடியிருந்த குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் நூறு பேர் வந்து ஐஸ் அறுத்ததை எழுதிவிட்டு, மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்கிற பொருளில் சொல்கிறார். அவர் குளத்து ஐஸ் நம் கடற்கரைக்கு வந்திருக்கிறது!

ஜனவரி 29, இரவு 10.30

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். கோடம்பாக்கத்து நண்பர் அதே அத்தியாயத்தை முழுக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தக் குளிர்காலத்தில் அறுத்து அடுக்கிய குவியல் பத்தாயிரம் டன் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார் தோரோ. வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். கொஞ்சம்தான் எடுத்துப் போனார்கள். மிச்சம் அந்தக் கோடையையும் அடுத்த குளிர்காலத்தையும் தாண்டி, 1848 செப்டம்பர் வரை கரையாமல் கிடந்து குளத்துக்கே திரும்பிப் போய்விட்டது. ஆக அந்தக் குளத்து ஐஸ் இங்கே வந்தது என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. பாஸ்டன் சுற்றுவட்டாரத்து ஐஸ் வந்தது என்பது வரைதான் சரி.

ஆனால் இதில் இன்னொரு விஷயம் மாட்டியது. வெறும் வைக்கோலும் பலகையும் போட்டு வெயிலில் கிடந்த ஐஸ் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. அப்படியானால் மரத்தூளில் பொதிந்த ஐஸ் ஒரு மாலை நேரம் நம் கையில் எவ்வளவு தாங்கும்? இந்த ஞாயிறு எடுத்துப் போய்ப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஜனவரி 30, மாலை 6.20

ஐஸ் எங்கே வாங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மீன் வியாபாரத்துக்குக் கொடுக்கிற ஐஸ் பார்தான். உடைத்துத் தருவார்கள். குடிக்கிற ஐஸ் அது இல்லை, யாரும் வாயில் வைக்க வேண்டாம். குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு, இரவு 11.05

பதினான்கு பேர் வந்தோம். சோதனை சரியாக வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு கட்டி, ஒவ்வொன்றும் 2 கிலோ. ஒன்றை வெறும் மஞ்சப்பையில் போட்டோம். இன்னொன்றை மர வாடியில் வாங்கிய தூளில் பொதித்து, பாலித்தீன் உறை போட்ட சாக்கில் வைத்தோம். நாலு மணிக்குப் பாலத்தில் கிளம்பினோம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சாக்கை நான்தான் தூக்குவேன் என்று பிடிவாதம். அவனும் அவன் அப்பாவும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உழைப்பாளர் சிலை அருகே நின்றபோது அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிற சிலை. "இவங்க எங்க கொண்டு போறாங்க?" என்று கேட்டான். யாருக்கும் பதில் வரவில்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959ல் வைத்தார்கள். இந்தியாவின் முதல் மே தினம் 1923ல் சிங்காரவேலர் கொண்டாடியது இதே இடத்தில்தான் என்று சொன்னேன்.

முடிவில் திருவல்லிக்கேணியில் ஒரு காய்கறிக் கடைத் தராசில் நிறுத்தோம். மஞ்சப்பை: 900 கிராம். மரத்தூள் சாக்கு: 1 கிலோ 50 கிராம். வித்தியாசம் 150 கிராம்தான்! பையன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் மனசு ஆறவில்லை. குல்பி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 3, காலை 8.00

இரவு முழுக்க அதே நினைப்பு. காலையில் சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். தூளைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது. பச்சை மரம் அறுத்த தூள், வாங்கும்போதே ஈரம். பாலித்தீன் உறை போட்டதால் கரைந்த தண்ணீரும் வெளியே போகவில்லை. ஐஸ் மூன்று மணி நேரம் தன் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது. காய்ந்த தூளுக்குள் அடைபட்டுக் கிடக்கிற காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. ஈரமானால் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர், சூடு சுலபமாக உள்ளே போய்விடும். கப்பலில் அடிமட்டத்தில் தண்ணீர் தேங்கவிடாமல் இறைத்தார்கள், கிடங்கிலும் வடிகால் வைத்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

பிப்ரவரி 3, பகல் 1.40

சின்னக் கட்டியை வைத்துக்கொண்டு கப்பல் சரக்கோடு ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒப்பிடக் கூடாது. கரைவது மேல்பரப்பில்தான். 2 கிலோ கட்டிக்கு எடையைப் பார்த்தால் மேல்பரப்பு ரொம்ப அதிகம். 180 டன் நெருக்கி அடுக்கிக் கிடந்தால் நடுவில் இருக்கிற பாளத்துக்கு வெயில் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. நம் சோதனை, தூள் உதவுகிறதா இல்லையா என்று பார்க்க மட்டும்தான்.

பிப்ரவரி 4, இரவு 9.10

மே தினம் பற்றித் திருத்தம். 1923ல் இரண்டு கூட்டம் நடந்தது, ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். சிலை நிற்கிற அதே இடம் என்று நான் சொன்னதை விட்டுவிடுங்கள். திருவல்லிக்கேணிக் கடற்கரை என்று சொன்னால் போதும்.

பிப்ரவரி 5, இரவு 10.00

நடை பற்றி ஒரு மறுயோசனை. போன ஞாயிறு கடற்கரை ஓரத்து நடைபாதையில் கூட்டிப்போனேன். கடல் காற்று வந்தாலும் நாலு மணி வெயில் வலது கன்னத்திலேயே அடித்தது. இரண்டு பேருக்குத் தலைவலி. இனி ஐந்தரை வரைக்கும் காமராஜர் சாலையின் மேற்குப் பக்கம்தான். செனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி என்று வரிசையாக மதிற்சுவரும் மரமும் இருப்பதால் நிழல் கிடைக்கும். செனட் ஹவுஸின் குவிமாடத்தையும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். கட்டடக் கலைஞர் சிஷோம் 1874ல் தொடங்கி 1879ல் முடித்த கட்டடம். சாலைக்கு அந்தப் பக்கம் சிலைகள் இருக்கின்றன, தூரத்திலிருந்தே காட்டிவிடலாம். வள்ளுவர், ஔவை, கம்பர், போப், கால்டுவெல் என்று 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த பத்துச் சிலை. கண்ணகிக்கு மட்டும் சாலையைக் கடந்தே ஆகணும் என்று எங்கள் குழுவில் ஒரு அக்கா எப்போதும் சொல்வார். 2001ல் எடுத்தபோது அழுதவர், 2006ல் திரும்ப வைத்த அன்று போய் நின்றவர். அவருக்காகக் கடந்துவிடுவோம்.

வெயிலைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நடையைக் காலை பத்து மணிக்கு வைத்திருந்தேன். பாதி வழியில் ஒரு பெரியவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மோர் வாங்கிக் கொடுத்து ஆட்டோ ஏற்றி அனுப்பினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்றோடு காலை நடை நின்றது.

பிப்ரவரி 7, மாலை 5.30

இந்த ஞாயிறு 9ஆம் தேதி. 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை விவேகானந்தர் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்கியிருந்தார். அவர் தங்கியிருந்த அதே நாட்களில் போகிறோம். திட்டமிட்டு வைத்ததில்லை, தானாக அமைந்தது.

ஐஸ் கிடங்கு எப்படி வீடானது என்று ஒருவர் கேட்டிருந்தார். 1870களில் இயந்திரத்திலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் ஐஸ் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டடத்தை வாங்கி, ஜன்னலே இல்லாத கிடங்குக்கு ஜன்னலும் வளைந்த தாழ்வாரமும் வைத்து, நீதிபதி கெர்னன் நினைவாகக் காசில் கெர்னன் என்று பேர் வைத்தார். 1917ல் அரசு வாங்கியது. சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை அங்கே நடத்தினார். 1911ல் பட்டம் வாங்கியவர், அவரே சிறுவயதில் கணவனை இழந்தவர். மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்த பெண்கள் அந்த வீட்டிலிருந்து படிக்கப் போனார்கள். விவேகானந்தர் வந்து தங்கியதை எல்லோரும் சொல்கிறார்கள். இதை யாரும் சொல்வதில்லை. நான் அங்கே நின்று பேசுகிற நேரத்தில் பாதி சுப்பலட்சுமிக்குத்தான் போகும், போகட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 12.20

தூங்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

முதலில் எடை. இந்த முறை ஒரு வாரம் மொட்டைமாடியில் காயவைத்த தூள், சுற்றிலும் ஒரு சாண் கனம். பாலித்தீன் இல்லை, வெறும் கோணிச் சாக்கு. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது, தொங்கவிட்டே தூக்கினோம். மஞ்சப்பைக் கட்டி 850 கிராம். சாக்கில் இருந்தது 1 கிலோ 650 கிராம்! அதே தராசுதான். கடைக்காரர் போன வாரம் எங்களைப் பார்த்துச் சிரித்தவர். இன்று அவரே தூளுக்குள் கையை விட்டுத் துழாவி, "உள்ள சில்லுனு இருக்கே" என்றார். பையன் குதித்தான்.

இனி அம்மா விஷயம். கேள்வி கேட்டிருந்த நண்பரும் அம்மாவும் கலங்கரை விளக்கத்தில் சேர்ந்தார்கள். அம்மா மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் உட்காரவில்லை. ஐஸ் ஹவுஸ் எதிரே வந்ததும் வழக்கம்போல ஒன்று செய்தோம். கடலிலிருந்து கட்டடத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணுவது. அலையின் ஓரத்தில் தொடங்கி, மணலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, வாசல் வரைக்கும். எனக்கு அறுநூற்றுச் சொச்சம் வந்தது. பையனுக்கு எண்ணூறைத் தாண்டியது. ஐஸ் வந்த காலத்தில் இவ்வளவு மணல் கிடையாது, கடல் ரொம்பக் கிட்டே இருந்தது. துறைமுகமும் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகில் அலை தாண்டிச் சரக்கைக் கொண்டுவருவார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1870களின் நடுவில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்த பிறகுதான், தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்தது. அந்தப் பக்கம் ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் தின்றது. மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிற நாம் அந்தக் கரையையும் ஒரு நிமிஷம் நினைக்கணும். இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

எல்லோரும் வாசலில் நின்றபோது அம்மா மேல்மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், "அந்த வளைவு ஜன்னல்கிட்டதான் என் பெட்டி இருந்துது" என்றார். மகளுக்கே புதுச் செய்தி. அம்மா ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலத்தில் அந்தக் கட்டடம் பயிற்சி மாணவிகளின் விடுதியாக இருந்திருக்கிறது. சுவர் வளைவாக இருப்பதால் டிரங்குப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாதாம், பின்னால் சந்து விழுமாம். அந்தச் சந்தில் அவரும் தோழியும் புளியங்காய் ஒளித்து வைப்பார்களாம். ராத்திரி அலைச்சத்தம் கேட்டு முதல் ஒரு மாதம் தூக்கம் வரவில்லை, அப்புறம் ஊருக்குப் போனால் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார்.

நான் பேசத் தயார் செய்துகொண்டு போனதை அப்படியே விட்டுவிட்டேன். அவரே பேசட்டும் என்று எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

பிப்ரவரி 10, இரவு 9.00

குல்பி பற்றி எழுதாமல் விட்டதற்குப் புகார் வந்திருக்கிறது. சரி.

கோயிலைத் தாண்டிப் போகிற சந்தில் குல்பிக்காரர் வண்டி நிற்கும். சிவப்புத் துணி சுற்றிய பெரிய பானை, துணி எப்போதும் நனைந்திருக்கும். உள்ளே உடைத்த ஐஸும் கல்லுப்பும். அதற்குள் கூம்பு மாதிரி அலுமினிய அச்சு, ஒவ்வொன்றிலும் சுண்டக் காய்ச்சிய பால். வெறும் ஐஸுக்குள் வைத்தால் பால் சரியாக உறையாது. உப்புப் போட்டால் ஐஸ் உருகும்போதே குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போகும், கலவை சரியாக அமைந்தால் கழித்தல் 21 டிகிரி செல்சியஸ் வரைக்கும். கரண்டு இல்லாமல் நடக்கிற வேலை. அச்சை வெளியே எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தயிர் கடைகிற மாதிரி உருட்டுவார். அந்தக் கைச்சூடு போதும், ஓரம் விட்டுக்கொடுக்கும். குச்சியைக் குத்தி ஒரே இழுப்பு. முனையில் பாதாம் தூள் ஒட்டிக்கொண்டு வரும். முதல் கடியில் உப்பு லேசாக உதட்டில் படும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் சாக்கைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னோம். "மரத்தூள் வாடை அடிக்கும் சார். எங்க அப்பா ஐஸ் பாரை உமியிலதான் பொதைப்பார்" என்றார். மரத்தூளை விட உமி நல்லதா? அடுத்த முறை மூன்றாவது சாக்கு உமிக்கு.

பிப்ரவரி 10, இரவு 9.25

அம்மா இரண்டு குல்பி சாப்பிட்டார். தொண்டைக்கு ஆகாது என்று மகள் தடுத்தார், கேட்கவில்லை. இன்று காலை போன் செய்து விசாரித்தேன், தொண்டை நன்றாக இருக்கிறது, முட்டிதான் வலிக்கிறதாம்.

பிப்ரவரி 12, மாலை 6.45

அடுத்த நடை 23ஆம் தேதி, ஞாயிறு, நாலு மணி, பாலத்தின் தெற்கு முனையில். தண்ணீர் பாட்டில், தொப்பி, மணலில் கழற்றி மாட்ட வசதியான செருப்பு. அம்மா தன் விடுதித் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டி வருகிறாராம், ஒருவர் செங்கல்பட்டிலிருந்து. இந்த முறை அவர்களுக்காக ஐஸ் ஹவுஸ் எதிரே அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன். உமி தர யாரிடமாவது ரைஸ் மில் தொடர்பு இருந்தால் சொல்லுங்கள், ஒரு சாக்கு போதும், காய்ந்ததாக இருக்கணும்.